கொட்டுக்காளியைத் திரையரங்கில் பார்த்தவர்கள் பேசலாம்: அண்மைப் படங்கள் குறித்த வெளிப்படையான கருத்துகள்

தெற்குமாசி எழுதியது:

ஓராண்டுக்கு மேலாக மனத்தில் கிடக்கும் ஒன்றை எழுதிவிடலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். 2024 ஆகஸ்ட் 23 அன்று மாரி செல்வராஜின் வாழையும் பி. எஸ். வினோத்ராஜின் கொட்டுக்காளியும் ஒரே நாளில் வெளிவந்தன. அடுத்த வாரத்திலேயே, கொட்டுக்காளி போன்ற படத்தைத் திரையரங்குக்குக் கொண்டுவந்திருக்கக் கூடாது, விழாக்களோடும் ஓடிடியோடும் நிறுத்தியிருக்க வேண்டும் என்ற பேச்சு திரைத்துறைக்குள்ளிருந்தே எழுந்தது. அந்தப் பேச்சை நான் அப்போதும் ஏற்கவில்லை, இப்போதும் ஏற்கவில்லை.

வினோத்ராஜின் முதல் படமான கூழாங்கல் 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்றபோது நாம் எல்லோரும் கொண்டாடினோம். அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுதான். ஆனால் நம்மில் பெரும்பாலோர் அதைப் பார்த்தது 2023இல் ஓடிடிக்கு வந்த பிறகு, வீட்டில், கைப்பேசியிலோ தொலைக்காட்சியிலோ. அதே இயக்குநரின் அடுத்த படம் நம் ஊர்த் திரைக்கே வந்து நின்றபோது, அதற்கு இங்கே என்ன வேலை என்று கேட்டோம். தொலைவில் இருந்தவரை பெருமைப்பட்ட ஒன்றை அருகில் வந்ததும் விரட்டியது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

நான் கொட்டுக்காளியை மதுரையில் என் அம்மாவோடு பார்த்தேன். பாண்டிக்கு என்று நிச்சயித்த மீனா வேறொருவனைக் காதலிப்பதால், அவளுக்குப் பேய் பிடித்துவிட்டதாக நம்பி, வீட்டார் அவளை ஆட்டோவில் சாமியாடியிடம் கூட்டிப்போகும் கதை. அம்மா மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர், படம் பார்ப்பதில் பெரிய ஆர்வம் இல்லாதவர். படத்தில் பின்னணி இசையே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆட்டோவின் உறுமலும், காலில் கயிறு கட்டிய சேவல் சிறகை அடித்துக்கொள்வதும், கூட வரும் இருசக்கர வண்டிகளும்தான் படம் முழுக்கக் கேட்கும். அப்படி ஓர் இடத்தில் அம்மா என் கையைத் தொட்டு, "பின்னால வந்த வண்டிச் சத்தம் நின்னுபோச்சு, எவனோ எறங்கிட்டான்" என்றார். திரையில் அது இன்னும் காட்டப்படவில்லை. அம்மா காதால் அந்தப் படத்துக்குள் போய்விட்டார் என்று அப்போது புரிந்தது.

முடிவில், சாமியாடி வேறொரு பெண்ணை நடத்தும் விதத்தைப் பாண்டி நின்று பார்க்கிறான், படம் அங்கேயே அறுந்துவிடுகிறது. எங்களுக்கு முன்வரிசையில் இருந்தவர்கள் சத்தமாகத் திட்டினார்கள். அம்மா திட்டவில்லை. "அவன் உள்ள போனானா, திரும்புனானா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். பேருந்தில் வீடு திரும்பும்போது, தன் சிறுவயதில் சொந்தத்தில் ஒரு பெண்ணைக் கோடாங்கியிடம் கூட்டிப்போன கதையை முதல்முறையாகச் சொன்னார். அந்தப் பெண்ணின் பெயரை நான் அதுவரை கேட்டதே இல்லை.

இதை ஓடிடியில் பார்த்திருந்தால் அம்மா பத்தாவது நிமிடத்தில் அடுக்களைக்குப் போயிருப்பார். எனவே, சிறிய படங்களுக்குத்தான் திரையரங்கு கூடுதலாகத் தேவை என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தயங்காமல் எழுதுங்கள். மற்ற படங்களைப் பற்றியும் பேசலாம்.

கவுண்டர்மணிக்கட்டு எழுதியது:

வணக்கம் அக்கா. நான் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிறிய திரையரங்கில் டிக்கெட் கொடுப்பதிலிருந்து கணக்கு முடிப்பதுவரை எல்லா வேலையும் பார்ப்பவன். உங்கள் அம்மாவின் அனுபவம் என்னை நெகிழவைத்தது. இருந்தாலும் கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்து நான் பார்த்ததையும் சொல்ல வேண்டும்.

முதல் நாள் வந்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? 2023 மார்ச்சில் விடுதலை முதல் பாகத்தையும், 2024 மே மாதக் கடைசியில் கருடனையும் பார்த்துவிட்டு, பாண்டியாக நடித்த சூரிக்காக வந்தவர்கள். தயாரிப்பு சிவகார்த்திகேயன் என்பதால் குழந்தைகளோடு குடும்பமாக வந்தவர்களும் இருந்தார்கள். சுவரொட்டியில் சூரியின் முகத்தைப் பார்த்து அவர்கள் எதிர்பார்த்தது ஒன்று, உள்ளே கிடைத்தது வேறொன்று. பாண்டி மீனாவையும் வீட்டுப் பெண்களையும் வெறிகொண்டு அடிக்கும் இடத்தில் ஒரு தகப்பன் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். என்னிடம் அவர் கோபப்படவில்லை, "இது இப்படிப்பட்ட படம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியபோது பலர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் படம் இருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரசனை கெட்டவர்கள் என்று இணையத்தில் எழுதினார்கள். அதே ஆட்கள்தான் ஒரு மாதம் கழித்து லப்பர் பந்து வந்தபோது தேடி வந்தார்கள். வெள்ளிக்கிழமை கூட்டம் சுமார்தான், ஞாயிறு மாலைக்குள் நிற்க இடமில்லை. அந்தப் படத்திலும் சாதி பேசப்படுகிறது, யாரை அணியில் சேர்ப்பது, யாரைத் தள்ளிவைப்பது என்பதுதான் கதையின் முதுகெலும்பே. கணவனின் கிரிக்கெட் பித்தைப் பொறுக்க முடியாமல் யசோதா டிராக்டரை எடுத்து ஆடுகளத்தை உழுதுபோடும் இடத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் கைதட்டிய சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே திரையரங்குக்கு வரக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் நாளே நான்கு காட்சியும் கொடுத்து, மூன்றாம் நாள் ஒரு காட்சியாக்கி, ஐந்தாம் நாள் தூக்கிவிடுவதைவிட, ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாலைக் காட்சி என்று மூன்று வாரம் ஓட்டியிருந்தால் அந்தப் படத்துக்கு உரிய ஆட்கள் வந்து சேர்ந்திருப்பார்கள்.

வெண்மணிவேந்தன் எழுதியது:

பாராட்டுகளுக்கு நடுவே ஒரு மறுப்பு. கூழாங்கல்லை நான் மிகவும் மதிக்கிறேன். பேருந்துக்கான பணத்தை மகன் கிழித்துப்போட, குடிகாரத் தகப்பனும் அவனும் கொதிக்கும் வெயிலில் நடந்தே திரும்புகிறார்கள். அந்த நடைக்குள் வறட்சி, பசி, பெண்கள் ஊற்றுக்குழியில் தண்ணீருக்காகக் காத்துக் கிடப்பது எல்லாம் தானாக வந்து சேர்ந்தன. ஒன்றுகூட எனக்காக அங்கே வைக்கப்பட்டதாகத் தோன்றவில்லை.

கொட்டுக்காளியில் அந்த இயல்பு குறைந்துவிட்டது என்பது என் கருத்து. பலிக்குக் கொண்டுபோகும் சேவலும் மீனாவும் ஒன்று என்பது முதல் பத்து நிமிடத்தில் புரிந்துவிடுகிறது. அதன் பிறகும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதையே காட்டுகிறார்கள். ஆண்கள் எல்லோரும் அஞ்சி நிற்கும் காளையை ஒரு சிறுமி வந்து சாதாரணமாக ஓட்டிச் செல்லும் காட்சி அழகானதுதான், ஆனால் அது ஒரு பாடம்போல் இருந்தது. மீனாவின் மௌனத்தைப் பற்றியும் எனக்குக் கேள்வி உண்டு. அன்னா பென் அற்புதமாக நடித்திருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் படம் முழுக்க ஏறத்தாழ ஒரு வரிதான் பேசும் பெண்ணைச் சுற்றி ஆண்கள் பேசிக்கொண்டே இருக்கும்போது, அவளுடைய பிடிவாதத்தை நாம் உணர்கிறோமே தவிர, அவளை அறிந்துகொள்வதில்லை.

அதே நாளில் வந்த வாழையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எனக்குப் பிடிக்காதவை உண்டு. ஆசிரியை மீதான சிறுவனின் ஈர்ப்புக்கு ஒதுக்கிய நேரம் அதிகம், கடைசிப் பகுதியில் இசை அழுகையை உந்தித் தள்ளுகிறது. ஆனால் வாழைத்தார் சுமக்கும் ஊர்க்காரர்கள் தாருக்கு ஒரு ரூபாய் கூலி உயர்வு கேட்டதும், அதைக் கொடுத்த வியாபாரி வண்டிச் செலவை மிச்சம் பிடிக்கக் காய் ஏற்றிய லாரியின் மேலேயே ஆட்களை ஏற்றிவிட்டதும், அந்த லாரி கவிழ்ந்ததும் ஒரே கோட்டில் வருகின்றன. ஒரு ரூபாய்க்கும் சாவுக்கும் இடையிலான தூரத்தை இவ்வளவு தெளிவாகத் தமிழ்த் திரையில் நான் கண்டதில்லை. ஊரே இழவில் கிடக்கும்போது பசி தாங்காமல் சோற்றில் கைவைக்கும் சிறுவனை எந்த விழாவின் அளவுகோலும் வைத்து நான் பார்க்க வேண்டியதில்லை. வெகுசனப் படம், சுயாதீனப் படம் என்ற பிரிவே எனக்கு அங்கே மறந்துபோய்விடுகிறது.

ஒலிக்கோடு எழுதியது:

தெற்குமாசி அவர்களின் அம்மா கேட்ட அந்த வண்டிச் சத்தத்துக்காகவே இதை எழுதுகிறேன். பல ஆண்டுகளாக ஒலிக்கலவை வேலையில் உதவியாளராக இருக்கிறேன். இங்கே யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மிக்சிங் கூடத்தில் நாங்கள் படத்தைக் கலக்கும்போது டால்பி கருவியின் ஃபேடர், அதாவது ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ், 7இல் இருக்கும். அந்த அளவில் ஒவ்வொரு முன்பக்க ஒலிபெருக்கியிலிருந்தும் சோதனை ஒலி 85 டெசிபலாக வர வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள அளவுகோல். திரையரங்கிலும் 7இல் வைத்தால், நாங்கள் கேட்டதைத்தான் நீங்களும் கேட்பீர்கள். ஆனால் நம் ஊரில் 7இல் வைத்து ஓட்டும் திரையரங்கைக் காண்பது அரிது. காரணம், பெரிய நட்சத்திரப் படங்கள் தொடக்கம் முதல் முடிவுவரை உச்ச ஒலியிலேயே கலக்கப்படுகின்றன. பார்வையாளர்கள் காது வலிக்கிறது என்கிறார்கள், ஆபரேட்டர் ஃபேடரை 5க்கோ அதற்கும் கீழேயோ இறக்குகிறார். கங்குவா 2024 நவம்பரில் வெளியானபோது இந்தச் சிக்கல் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஒலியளவை இரண்டு புள்ளி குறைத்து வைக்கும்படி தயாரிப்பாளரே திரையரங்குகளைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. ரசூல் பூக்குட்டி போன்ற ஒலிக்கலைஞரே அதைக் குறித்து வெளிப்படையாக வருந்தினார்.

இரண்டு புள்ளி என்றால் ஆறரை டெசிபலுக்குச் சற்று மேல். சத்தமான படத்தில் அவ்வளவு குறைத்தால் காதுக்கு நிம்மதி. ஆனால் அந்தக் குமிழை அடுத்த படத்துக்கு யாரும் திரும்ப ஏற்றுவதில்லை. அதே அரங்கில் அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு சன்னமான படம் வருகிறது. அதில் காற்று, பூச்சி ஒலி, தொலைவில் நாய், மூச்சு, தரையில் இழுபடும் கயிறு என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து வைத்திருப்பார்கள். ஆறரை டெசிபல் போய்விட்டால் அவற்றில் பாதி குளிர்சாதன இரைச்சலுக்குக் கீழே புதைந்துவிடும். மிஞ்சுவது ஆட்டோ சத்தமும் வசனமும் மட்டும். அதைக் கேட்டுவிட்டுப் "படத்தில் ஒன்றுமே இல்லை" என்று எழுந்து போனவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் கேட்கவில்லை.

சிறிய படத்தின் திரையரங்கு வாய்ப்பைப் பெரிய படம் பறிக்கிறது என்றால் எல்லோரும் காட்சி எண்ணிக்கையைத்தான் நினைக்கிறார்கள். காட்சி கிடைத்த பிறகும், அந்தக் குமிழ் வழியாகப் பறிபோவது இருக்கிறது. பின்னணி இசையே வேண்டாம் என்று முடிவெடுத்த ஓர் இயக்குநருக்கு இதைவிடப் பெரிய இழப்பு கிடையாது.

கவுண்டர்மணிக்கட்டு எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு எங்கள் ஆபரேட்டர் அண்ணனிடம் போய்க் கேட்டேன். எங்கள் அரங்கில் 4.8இல் இருக்கிறது. எப்போது இறக்கினோம் என்று அவருக்கே நினைவில்லை.

நீடாமங்கலத்துப் பிள்ளை எழுதியது:

கேட்கும் ஒலியைக் குறைப்பதுபோலவே பார்க்கும் நேரத்தையும் குறைக்கிறார்கள். 2024இல் இந்தியன் 2 வெளியான பிறகு 12 நிமிடம் வெட்டினார்கள், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் வந்த மெய்யழகனிலிருந்து சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்களே, அதை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

நான் அந்தப் படம் நடக்கும் நீடாமங்கலத்துக்காரன் என்பதால் சார்பு இருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். அந்தப் படத்தில் கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. 22 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வருகிற அருள், தன்னை "அத்தான், அத்தான்" என்று சுற்றிவரும் உறவுக்காரனின் பெயர் தெரியாமல் ஓர் இரவைக் கழிக்கிறான், அவ்வளவுதான். அந்த இரவு நீளமாக இருந்தால்தான் பெயர் தெரியாத வெட்கம் அவனுக்குள் வளரும். சொந்தக்காரர் வீட்டில் இராத்தங்கியவர்களுக்குத் தெரியும், முக்கியமான பேச்சு எப்போதும் "சரி, படுக்கலாம்" என்று சொன்ன பிறகுதான் தொடங்கும். அந்தப் பேச்சைத்தான் இழுவை என்று வெட்டினார்கள். படக்குழுவே முன்வந்து வெட்டியதுதான் கூடுதல் வேதனை.

மணமேடையில் தங்கையின் காலில் அருள் கொலுசு மாட்டும் காட்சியில், எங்கள் வரிசையில் எழுபது வயதுக்காரர் ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தக் காட்சி முழு நீளத்தில் இருந்ததால்தான் அவர் அழுதார். முதல் மூன்று நாள் இணையத்தில் வரும் விமர்சனத்துக்கு அஞ்சிக் கத்தரியை எடுக்கும் இயக்குநர்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன், நான்காவது நாள் வருகிற அந்தப் பெரியவருக்காகக் கொஞ்சம் பொறுத்திருங்கள்.

வல்வைக்கரை எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இலங்கையிலிருந்து படகில் வந்து சென்னையில் குடியேறும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையான டூரிஸ்ட் ஃபேமிலி பற்றி இழையில் எவரும் பேசாதபடியால் நான் சொல்கிறேன். 2025 மே 1 அன்று ரெட்ரோ என்ற பெரிய படத்தோடு சேர்ந்து வந்து, இந்தச் சிறிய படம் வாய்வழிப் புகழாலேயே நின்றது. அறிமுக இயக்குநர் ஒருவருக்கு அது பெரிய காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். மூதாட்டி ஒருவரின் மரணத்துக்கு அந்தக் குடியிருப்பே கூடிவரும் பகுதியில் நானும் கண் கலங்கினேன்.

ஆயினும் எங்கள் ஆட்களுக்கு அந்தப் படம் தந்த ஆறுதலோடு ஒரு நெருடலும் இருந்தது. பொருளாதார நெருக்கடியால் 2022இல் கடல் கடந்து தனுஷ்கோடிக் கரையில் இறங்கிய எங்கள் குடும்பங்களைப் பொலிஸார் விசாரித்து மண்டபம் அகதிகள் முகாமில்தான் சேர்த்தார்கள். அதற்கும் முன்னர், போர்க்காலத்தில் போனவர்களில் பலர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக முகாம்களிலேயே இருக்கிறார்கள், அவர்களுடைய பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்துவிட்டார்கள். படத்தில் தர்மதாஸின் குடும்பம் தன் நல்ல குணத்தால் ஒரு தெரு முழுவதையும் வென்றுவிடுகிறது. நல்லவர்களாக இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள் என்று அது சொல்கிறது. எங்களில் கோபக்காரரும் உண்டு, வாய் கடிந்து பேசுபவரும் உண்டு, அயலவரோடு ஒட்டாமல் தனித்திருக்க விரும்புபவரும் உண்டு. அவர்களுக்கும் இருக்க ஓர் இடம் வேண்டும்தானே?

மொழியைப் பற்றியும் ஒரு சொல். சிம்ரனும் சசிகுமாரும் மிகுந்த முயற்சி எடுத்திருக்கிறார்கள், ஆனாலும் பல இடங்களில் எங்கள் பேச்சின் ஓசை வரவில்லை. ஒலிக்கோடு எழுதியதைப் படித்தபோது இதுவும் கேட்பது சம்பந்தப்பட்ட விடயம்தான் என்று தோன்றியது. "என்ன செய்யிறியள்" என்பதில் உள்ள இழுவை சொல்லில் இல்லை, மூச்சில் இருக்கிறது. அதை அருகில் இருந்து கேட்டுப் பதிவு செய்ய எங்கள் ஊர்க் கலைஞர்கள் இரண்டு பேரைச் சேர்த்திருந்தாலே போதும்.

தெற்குமாசி எழுதியது:

வல்வைக்கரை, உங்கள் கேள்வி என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. நான் அந்தப் படத்தை முழு மனத்தோடு ரசித்துவிட்டு வந்தவள். நல்லவர்களாகக் காட்டினால்தான் இரக்கம் கிடைக்கும் என்ற நிபந்தனையை நான் கவனிக்கவே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வெண்மணிவேந்தன் அவர்களே, சேவலைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. காளைக் காட்சியில் நான் உடன்படவில்லை. அதை எழுதியவர் பாடமாக எழுதியிருக்கலாம், ஆனால் எங்கள் ஊரில் மாட்டை ஓட்டிப்போவது அந்த வயதுப் பிள்ளைகள்தான், அம்மா அதைப் பார்த்துச் சிரித்தார். மீனாவைப் பற்றிய உங்கள் கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. வழியில் ஓர் இடத்தில் அவளை உள்ளே வைத்தபடியே எல்லோரும் சேர்ந்து ஆட்டோவைத் தூக்கித் திருப்புகிறார்கள், அவள் அசையாமல் அமர்ந்திருக்கிறாள். அந்த ஒரு ஷாட்டில் எனக்கு அவளைத் தெரிந்துவிட்டதுபோல் இருந்தது. உங்களுக்கு அப்படி இல்லையென்றால் நான் வாதாட முடியாது.

ஒன்று கேட்கிறேன். பெருமாள்முருகனின் கோடித்துணி கதையிலிருந்து எடுத்த அங்கம்மாளைத் திரையரங்கில் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? காலமெல்லாம் ரவிக்கை அணியாத ஒரு தாயை, படித்து டாக்டரான மகன் பெண்வீட்டார் முன் ரவிக்கை போடச் சொல்லும் கதை. கீதா கைலாசத்தின் நடிப்பைப் பெரிய திரையில் பார்க்க முடியாமல் போய்விட்டது, எங்கள் பக்கம் இரண்டே நாளில் எடுத்துவிட்டார்கள்.

கவுண்டர்மணிக்கட்டு எழுதியது:

அக்கா, நான் பார்த்தேன், ஓட்டியவனே நான்தான். எங்கள் அரங்கில் அந்தப் படத்துக்கு மாலைக் காட்சி ஒன்று மட்டும் கேட்டு வாங்கினேன். முதலாளிக்கு அரை மனது, ஒரு வாரம் பார்ப்போம் என்று விட்டுக்கொடுத்தார். முதல் நாள் ஒன்பது பேர் வந்தார்கள். பாதிக்கு மேல் வசனம் சரியாகக் கேட்கவில்லை என்று ஒரு டீச்சரம்மா வெளியே வந்து சொன்னார்கள். அப்போது எனக்குக் காரணம் தெரியாது, அவர்களை முன்வரிசைக்குப் போய் உட்காரச் சொன்னேன். இப்போது ஒலிக்கோடு ஐயா எழுதியதைப் படித்த பிறகு அது மனதைக் குத்துகிறது.

நேற்று இரவு கடைசிக் காட்சி முடிந்து எல்லோரும் போன பிறகு, ஆபரேட்டர் அண்ணனும் நானும் காலி அரங்கில் ஒரு சோதனை செய்தோம். சர்வரில் இருந்த ஒரு டிரெய்லரை 4.8இல் ஒருமுறை, 6.5இல் ஒருமுறை ஓட்டிக் கேட்டோம். 6.5இல் வலது மூலையில் ஒரு ஒலிபெருக்கி அதிர்ந்து கரகரத்தது. அது பழுதாகி எத்தனை மாதம் ஆயிற்றோ, ஒலியைக் குறைத்தே வைத்திருந்ததால் எங்களுக்குத் தெரியவே இல்லை. அதை மாற்ற என்ன செலவாகும், எந்த அளவில் வைத்தால் வசனமும் தெளிவாகக் கேட்டு, காதும் வலிக்காமல் இருக்கும் என்று ஒலிக்கோடு ஐயா சொன்னால், முதலாளியிடம் காலையில் பேசிவிடுவேன்.

ஒலிக்கோடு எழுதியது:

தம்பி, பழுதானது டயாஃப்ரமாக, அதாவது ஒலிபெருக்கிக்குள் அதிரும் மெல்லிய சவ்வாக இருந்தால் பெரிய செலவு இல்லை, முழு ஒலிபெருக்கியையும் மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் அரங்கின் சவுண்ட் ப்ராசசரின் மாடல் எண்ணை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஒலி அளக்கும் மீட்டரோடு வருகிறேன். அதுவரை படத்துக்குப் படம் ஃபேடர் எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.